கடவுளுக்குக் காரணம் யார்? – வாசகர் கேள்வி பதில்

*கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், "எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும் என்றால் கடவுளுக்கும் வேண்டும்தானே அப்பா?" என்கிறான். என்ன சொல்வது?*
– வாசகர், நாகர்கோவில்

1927 மார்ச் 6-ஆம் தேதி லண்டன் பேட்டர்சி நகர மண்டபத்தில் ஆங்கிலேய மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கேட்டதும் இதுவே. ஆனால் ரஸ்ஸல் அங்கே நிற்கவில்லை. காரணமில்லாத ஒன்று இருக்க முடியும் என்று ஒப்புக்கொண்டால், அது ஏன் கடவுளாக இருக்க வேண்டும், உலகமாகவே இருக்கக் கூடாதா என்று அடுத்த அடியையும் எடுத்து வைத்தார். முதல் பாதிக்குப் பதில் எளிது. கனமெல்லாம் இரண்டாம் பாதியில் இருக்கிறது. முதல் பாதிக்குப் பதில் சொன்னதும் வென்றுவிட்டோம் என்று எழுந்துபோகிறவர்களே நம்மில் அதிகம். மகனிடம் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

முதல் பாதியைப் பார்ப்போம். கடவுள் இருக்கிறார் என்று காட்ட, 13-ஆம் நூற்றாண்டுத் துறவியும் இறையியலாளருமான தாமஸ் அக்குவினாஸ் தந்த ஐந்து வழிகளில் (வாதங்களில்) எதுவும் "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு" என்று தொடங்கவில்லை. முதல் வழி இப்படித் தொடங்குகிறது: உலகில் சில பொருள்கள் மாறுகின்றன, மாறுகிற எதுவும் வேறொன்றால் மாற்றப்படுகிறது. ஆகவே அந்த வாதம் போய்ச் சேருமிடம், மாற்றப்படாமலே மாற்றுகிற ஒன்று. "அதை மாற்றியது எது?" என்று கேட்டால், நான்கு பக்கம் இல்லாத சதுரம் எது என்று கேட்டதுபோல் ஆகிவிடும்.

இங்கே நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'காரணம்' என்றதும் வரிசையாக நிற்கும் ஒரு சங்கிலியை நினைக்கிறோம்: தாத்தா, அப்பா, மகன். அக்குவினாஸ் சொன்ன சங்கிலி அது இல்லை. ஒரு கொல்லன் ஒரு சுத்தியல் உடைந்ததும் இன்னொன்றை எடுக்கிறான், அதுவும் உடைந்ததும் மற்றொன்று. இந்த வரிசை முடிவில்லாமல் பின்னோக்கிப் போகலாம், அதில் முரண்பாடு ஏதுமில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தகப்பன், மகன் வரிசையும் அந்த வகையே. தகப்பன் இறந்த பிறகும் மகன் பிள்ளை பெறுவான். அவர் காட்டும் வரிசையில் கல்லைக் கோல் தள்ளுகிறது, கோலைக் கை தள்ளுகிறது. கை நின்றால் அந்த நொடியே கல்லும் நிற்கும். இப்போது, இந்தக் கணத்தில், ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் அடுக்கு அது. தாங்கும் ஆற்றலைத் தன்னிடத்திலேயே கொண்ட ஒன்று அடியில் இல்லாவிட்டால் மேலே எதுவும் அசையாது. மண், சக்கரம், குயவன் என்று முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் பிரித்துப் பழகிய தமிழ்ச் சமய நூல்களின் வாசகருக்கு, 'காரணம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வகை உண்டு என்பது புதிதாக இருக்காது. மகனுக்கும் அங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம்.

இனி இரண்டாம் பாதி. 1948 ஜனவரி 28-ஆம் தேதி பிபிசி வானொலியில் இயேசு சபைக் குருவான ஃபிரெடரிக் காப்பிள்ஸ்டன் இதைப் பற்றித்தான் ரஸ்ஸலுடன் வாதிட்டார். உலகில் உள்ள ஒவ்வொன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்படியானால் மொத்தமும் ஏன் இருக்கிறது என்று அவர் கேட்டார். பிரபஞ்சம் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ரஸ்ஸல். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதற்காக மனித குலத்துக்கே ஒரு தாய் உண்டு என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டார். நல்ல அடி. ஆனால் எல்லா இடத்திலும் அது செல்லாது. சுவரின் ஒவ்வொரு செங்கலும் சிறியது என்பதால் சுவர் சிறியது ஆகாது. ஒவ்வொரு செங்கலும் சிவப்பு என்றால் சுவர் சிவப்புதான். 'பிறிதொன்றைச் சார்ந்திருத்தல்' அளவைப் போன்ற பண்பா, நிறத்தைப் போன்ற பண்பா? உங்கள் வீட்டு விவாதம் வந்து நிற்க வேண்டிய இடம் இந்தக் கேள்வி. கற்றவர்கள் இன்றும் இதில் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். அதையும் மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாதத்தின் பலவீனங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் படித்த பையன் நியூட்டனின் முதல் விதியைக் கொண்டு வருவான்: சீராக ஓடும் பொருளுக்குத் தள்ளுகிறவர் தேவையில்லை. முதல் வழியை வெறும் இட நகர்வு என்று விளக்கினால் அந்த இடத்தில் வாதம் உடையும். இயலக்கூடியது நிகழ்ந்ததாக மாறுவது என்று விளக்கினால் நிற்கும். குளிர்ந்த விறகு தீயால் சூடாவதை அக்குவினாஸ் எடுத்துக்காட்டியது அதற்காகத்தான். மூன்றாம் வழியில், ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இல்லாமல் போகக்கூடும் என்பதிலிருந்து, எல்லாமே ஒருசேர இல்லாத காலம் இருந்திருக்கும் என்று தாவும் ஓர் அடி இருக்கிறது. அதைத் தர்க்கம் படித்தவர்கள் நெடுநாளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். இன்னொன்று: ஐந்து வழிகளும் முடியும் இடத்தில் நிற்பது 'முதல் காரணம்' மட்டுமே. அது ஒன்றே, மாறாதது, நல்லது என்பதையெல்லாம் அதே 'இறையியல் தொகுப்பு' நூலில் அடுத்துவரும் 3 முதல் 11 வரையான வினாக்களில்தான் அவர் தனித்தனியாக வாதிடுகிறார். ஐந்து வழிகளை மட்டும் படித்துவிட்டு "ஆகவே இயேசு" என்று தாவினால் மகன் சிரிப்பான். சிரிக்க அவனுக்கு நியாயமும் இருக்கிறது.

*கேள்வி: பெருவெடிப்புக் கொள்கையைச் சொன்னவரே ஒரு குருவானவர். எனவே அறிவியலே தொடக்க நூலை நிரூபித்துவிட்டது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருகிறோம். சரிதானே?*
– ஆசிரியை, பாளையங்கோட்டை

முதல் வாக்கியம் சரி. இரண்டாவதை அந்தக் குருவானவரே ஏற்கவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமேத்ர் விரிவடையும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927-ல் எழுதினார். 1931-ல் 'ஆதி அணு' என்ற கருத்தை முன்வைத்தார். 1951 நவம்பர் 22-ஆம் தேதி திருத்தந்தை 12-ஆம் பயஸ் திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் பேசியபோது, இந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றுபோலக் காட்டினார். லெமேத்ருக்கு அது உவப்பாக இல்லை. தன் கொள்கை மெய்யியல், சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்பது கடைசிவரை அவருடைய நிலை.

அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அறிவியல் கொள்கை மாறக்கூடியது. இன்று அதன்மேல் விசுவாசத்தை நிறுத்தினால், நாளை வேறொரு மாதிரி வரும்போது விசுவாசமும் கூடவே சரியும். இதைவிட ஆழமானது இரண்டாவது: படைப்பு என்பது முதல் நொடியில் நடந்து முடிந்த நிகழ்ச்சி இல்லை. அகுஸ்தீனாரின் நூலில் இதற்கு ஓர் உவமை வருகிறது. புழுதியில் ஒரு கால் தொடக்கமே இல்லாமல் என்றென்றும் பதிந்திருந்தால், அதன் கீழே சுவடும் என்றென்றும் இருக்கும். ஆனாலும் சுவட்டை உண்டாக்கியது கால்தான். உலகுக்குத் தொடக்கம் இருந்ததா என்பதை அறிவால் நிறுவ முடியாது, அது விசுவாசத்தால் ஏற்பது என்று அக்குவினாஸ் தெளிவாகவே எழுதினார். பிள்ளைகளுக்கு அந்தக் காலடிச் சுவட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். லெமேத்ரின் பெயரையும் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு குருவானவர் தன் அறிவியலைத் தன் மதத்துக்கே வழக்கறிஞராக்க மறுத்த நேர்மை, அவர்கள் கற்க வேண்டிய பாடம்.

*கேள்வி: "அபத்தம், ஆகவே நம்புகிறேன்" என்பதுதானே கிறிஸ்தவ மெய்யியலின் அடிப்படை?*
– வாசகர், சென்னை

அந்த வாசகத்தை ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியதாகச் சொல்வார்கள். அவர் அதை எழுதவில்லை. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்து உண்மையான உடல் எடுத்தார் என்பதை இழிவாக நினைத்தவர்களை மறுக்கும்போது, இறைமகன் இறந்தார் என்பது பொருத்தமற்றதாகத் தோன்றுவதாலேயே நம்பத்தக்கது என்று எழுதினார். யாரும் கட்டுக்கதையாகக்கூடப் புனையத் துணியாத செய்தி என்ற பொருளில் அதைப் படிப்பவர்கள் உண்டு. இன்று பரவியிருக்கும் வடிவம் பிற்காலத்தார் கையில் உருமாறியது.

*கேள்வி: எங்கள் சபை வாலிபர் கூடுகையில் "கடவுள் இறந்துவிட்டார்" என்ற நீட்சேயின் கூற்றுக்கு மறுப்பு பேசச் சொல்லியிருக்கிறார்கள். எப்படித் தொடங்கலாம்?*
– வாசகர், கோயம்புத்தூர்

மறுப்பதற்கு முன் அவர் யாரிடம் பேசினார் என்று பாருங்கள். 1882-ல் வெளியான 'மகிழ்வான அறிவியல்' (The Gay Science) என்ற அவருடைய நூலின் 125-ஆம் பகுதி அது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். பட்டப்பகலில் விளக்கேற்றிக்கொண்டு ஒருவன் சந்தைக்குள் ஓடிவந்து கடவுளைத் தேடுகிறான். அங்கே நிற்பவர்கள் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். தொலைந்துவிட்டாரா, ஒளிந்துகொண்டாரா, கப்பலேறிப் போய்விட்டாரா என்று கேலி செய்கிறார்கள். நாம்தான் அவரைக் கொன்றோம், நீங்களும் நானும், என்கிறான் அவன். அடிவானத்தையே துடைத்தழிக்கும் பஞ்சு நமக்கு எங்கே கிடைத்தது, சூரியனோடு பூமியைக் கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்துவிட்டு என்ன செய்யப் போகிறோம் என்று கதறுகிறான். கூட்டம் திகைத்து மௌனமாகிறது. விளக்கைத் தரையில் எறிந்து உடைத்துவிட்டு, "நான் சீக்கிரமே வந்துவிட்டேன்" என்று போய்விடுகிறான்.

ஆக, அந்தப் பகுதியின் நேரடி இலக்கு விசுவாசிகள் இல்லை. கடவுளை விட்ட பிறகும் எல்லாம் பழையபடியே நடக்கும் என்று நினைத்த நாகரிக மனிதர்களே இலக்கு. பின்னர் ஆங்கிலேயர்களைப் பற்றி எழுதும்போது இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: கிறிஸ்தவக் கடவுளைக் கைவிட்டவர், கிறிஸ்தவ ஒழுக்கத்துக்கான உரிமையையும் இழக்கிறார். எளியவர்மேல் இரக்கம், எல்லா மனிதரும் சமம் என்பதெல்லாம் தானாக முளைத்தவை இல்லை என்பதை நன்றாகப் புரிந்துகொண்ட எதிரி அவர். அவற்றை அவர் வெறுத்தார் என்பதும் உண்மை. அதை மழுப்பக் கூடாது.

கூடுகையில் பொதுவாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "கடவுள் இறந்தார் – நீட்சே, நீட்சே இறந்தார் – கடவுள்" என்ற துணுக்கைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது. ஒரு வாலிபனின் உண்மையான கலக்கத்தை அது அலட்சியம் செய்துவிடுகிறது. அதற்குப் பதில் அந்தப் பகுதியை ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, சமத்துவத்துக்கு அடிப்படை எது என்ற கேள்வியை நடுவில் வையுங்கள். மதச் சார்பற்றவர்களிடம் பதிலே இல்லை என்று கருதிவிடாதீர்கள். ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட், அறிவுள்ள உயிர் தனக்குத் தானே விதி வகுத்துக்கொள்ளும் சுயாட்சியிலிருந்து மனித மதிப்பை நிறுவ முயன்றார். அந்த அடிப்படை போதுமா, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையின் மதிப்பை அது தாங்குமா என்பதில் உரையாடல் தொடங்கட்டும்.

*கேள்வி: அறிவியல் வளர வளர மதம் தேய்கிறது என்கிறார்கள். ஐரோப்பாவில் நடந்தது அதுதானா?*
– ஆசிரியர், திருச்சி

கனடா மெய்யியலாளர் சார்லஸ் டெய்லர் 2007-ல் வெளியிட்ட 'A Secular Age' என்ற பெரிய நூல் இதற்காகவே எழுதப்பட்டது. 1500-ல் ஐரோப்பாவில் கடவுளை நம்பாமல் இருப்பது ஏறக்குறைய முடியாத காரியம். 2000-ல் நம்புவது பல வழிகளில் ஒரு வழி மட்டும். நடுவில் என்ன நடந்தது என்பது அவர் கேள்வி. மூடநம்பிக்கையைக் கழித்தால் மிஞ்சுவது நவீன மனிதன் என்ற கதையை அவர் 'கழித்தல் கதை' என்று அழைத்து மறுக்கிறார்.

ஒரு சிறு காட்சி: இடி இடிக்கும்போது தீமையை விரட்டக் கோயில் மணி அடிப்பது ஐரோப்பிய ஊர்களில் வழக்கமாக இருந்தது. அந்தக் கால மனிதனின் உள்ளம் வெளிச் சக்திகளுக்குத் திறந்து கிடந்தது. ஆவியும் அருளும் உள்ளே வந்துபோகலாம். இன்றைய மனிதனின் உள்ளத்தைச் சுற்றி மதில் எழும்பிவிட்டது. அந்த மதிலைக் கட்டியதில் திருச்சபையின் சொந்தச் சீர்திருத்த வேகத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்பது டெய்லரின் முக்கியமான வாதம்: மந்திரத்தை விரட்டி, ஒவ்வொரு விசுவாசியையும் ஒழுங்குக்குள் கொண்டுவரப் போய், கடவுளின் உதவி இல்லாமலே ஒழுங்காக வாழும் மனிதனுக்கு அது வழி திறந்துவிட்டது. மேற்கத்திய லத்தீன் கிறிஸ்தவ உலகத்தைப் பற்றி மட்டுமே பேசுவதாக அவரே வரம்பு கட்டிக்கொண்டார். அப்படியே தூக்கி வந்து நம் ஊருக்குப் பொருத்த வேண்டாம்.

*கேள்வி: சுனாமியில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் எங்கள் பங்கில் உண்டு. "ஆண்டவர் எங்கே இருந்தார்?" என்று இன்றும் கேட்கிறார்கள். மெய்யியலில் இதற்குப் பதில் இருக்கிறதா?*
– மறைக்கல்வி ஆசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்

இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் உண்டு. ஒன்றுக்கான பதிலை மற்றொன்றுக்குக் கொடுப்பதால்தான் காயம் பெரிதாகிறது.

முதலாவது தர்க்கக் கேள்வி. கடவுள் எல்லாம் வல்லவர்; முழு நல்லவர்; தீமை இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது என்று 1955-ல் ஜே. எல். மேக்கி எழுதினார். ஆல்வின் பிளாண்டிங்கா 1974-ல் பதில் தந்தார்: சுதந்திரமாக நன்மையைத் தேர்கிற மனிதரைப் படைத்து, அதே நேரத்தில் அவர்கள் நன்மையையே தேரும்படி செய்துவைப்பது எல்லாம் வல்லவராலும் முடியாத காரியமாக இருக்கலாம். கறாரான முரண்பாடு நிறுவப்படவில்லை என்பதைக் கடவுள் நம்பிக்கை இல்லாத மெய்யியலாளர் பலரும் இன்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி கடினம். முரண்பாடு இல்லாமல் இருக்கலாம், ஆனால் இத்தனை துன்பம் கடவுள் இல்லை என்பதற்கே சான்றாகத் தெரிகிறதே? 1979-ல் வில்லியம் ரோ ஒரு மான்குட்டியைக் காட்டினார். மின்னலால் எழுந்த காட்டுத்தீயில் அது வெந்து, யாரும் பார்க்காமல், நாட்கணக்கில் துடித்துச் சாகிறது. அங்கே மனித சுதந்திரம் எங்கே வந்தது? கடவுளின் காரணங்கள் நமக்குத் தெரியாமல் இருப்பதால் காரணமே இல்லை என்றாகிவிடாது என்பது விசுவாசிகள் தரும் வழக்கமான பதில். அதில் வலு உண்டு. ஆனால் அளவு மீறிப் பயன்படுத்தினால், எந்தக் கொடுமையைப் பற்றியும் 'இது நல்லதற்கே' என்று சொல்லத் துணிந்துவிடுவோம்.

உங்கள் கடற்கரைக்கு நெருங்கிய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள் காலை. லிஸ்பன் நகரத்தின் கோயில்கள் திருப்பலியில் நிறைந்திருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கூரைகள் விழுந்தன, பீடத்து மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் தீ மூட்டின, ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் எழுந்துவந்து விழுங்கியது. வேளாங்கண்ணியில் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, திருப்பயணிகள் மாண்டதும் அதே போன்ற ஒரு காலை. இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்ற ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸின் கருத்தை லிஸ்பனுக்குப் பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கவிதையில் தாக்கினார். ரூசோ 1756-ல் அவருக்குக் கடிதம் எழுதினார்: ஆறு, ஏழு மாடி வீடுகள் இருபதாயிரத்தை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே! காண்ட் நிலநடுக்கத்தின் இயற்கைக் காரணங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 'கடவுள் ஏன்?' என்பதோடு 'மனிதர் என்ன செய்திருக்கலாம்?' என்ற கேள்வியும் அங்கே வலுப்பெற்றது. எச்சரிக்கைக் கருவி, கரையிலிருந்து வீடுகளின் தூரம், அலையாத்திக் காடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதும் விசுவாசியின் பதிலில் அடங்கும்.

மூன்றாவது, தாயின் கேள்வி. அவர் தர்க்கம் கேட்கவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. நூலின் முடிவில் கடவுள் கோபப்படுவது கேள்வி கேட்ட யோபுவிடம் இல்லை. தன் சார்பாக வாதாடிய அந்த நண்பர்களிடம்தான். ஆகவே "அவருக்கு ஒரு திட்டம் இருக்கும்", "நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்" என்பவற்றைத் துக்க வீட்டில் சொல்லாதீர்கள். இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் போய் உட்காருங்கள். அந்தத் தாய் கேட்டால் மட்டும், துன்புறும் கடவுளே நமக்கு உதவ முடியும் என்று 1944 ஜூலையில் நாஜிச் சிறையிலிருந்து ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் எழுதியதைச் சொல்லலாம். அதை எழுதியவர் அடுத்த ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். பாதுகாப்பான நாற்காலியிலிருந்து வந்த ஆறுதல் இல்லை அது.

*கேள்வி: பொது விவாதத்தில் விவிலியத்தை மேற்கோள் காட்டினால் "மதத்தை இங்கே கொண்டு வராதே" என்கிறார்கள். என் நம்பிக்கையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டுமா?*
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

2004 ஜனவரி 19-ஆம் தேதி மியூனிக்கில், பவேரியக் கத்தோலிக்கக் கழகத்தில், இருவர் இதைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் யூர்கன் ஹாபர்மாஸ். மத விஷயத்தில் தனக்கு இசைச் செவி இல்லை என்று சொல்லிக்கொண்ட மெய்யியலாளர். மற்றவர் கர்தினால் யோசப் ராட்சிங்கர்; அடுத்த ஆண்டே திருத்தந்தை ஆனவர். மதத்துக்கும் நோய் வரும், பகுத்தறிவுக்கும் நோய் வரும், இரண்டும் ஒன்றையொன்று திருத்த வேண்டும் என்றார் ராட்சிங்கர். அவர் காட்டிய நோய்கள்: ஒரு பக்கம் மதத்தின் பெயரால் பயங்கரவாதம், இன்னொரு பக்கம் அணுகுண்டும் மனிதனையே தயாரிப்புப் பொருளாக்கும் தொழில்நுட்பமும்.

ஹாபர்மாஸின் யோசனை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். பொது வெளியில் மத மொழியில் பேசலாம். ஆனால் நாடாளுமன்றம், நீதிமன்றம், அரசாணை என்ற வாசலைத் தாண்டும்போது, எல்லாரும் எடைபோடக்கூடிய மொழிக்கு அது மாறியிருக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்புச் சுமை விசுவாசிமேல் மட்டும் விழக் கூடாது. நம்பாதவரும் காதுகொடுத்து உதவ வேண்டும். மனிதன் கடவுளின் சாயல் என்பது, எல்லா மனிதருக்கும் சமமான, மீறக்கூடாத மதிப்பு உண்டு என்று மாறியதை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். எல்லாம் முழுதாக மாறிவிடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 'பாவம்' என்பது 'குற்றம்' என்று ஆனபோது ஏதோ ஒன்று தொலைந்தது என்று 2001-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சொன்னார். நம்பிக்கை இல்லாத ஒருவர் அப்படிச் சொன்னது என்னை இன்றும் தொடுகிறது.

இதைச் செய்துகாட்டிய ஒரு பக்கத்தை நீங்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும்: 1963 ஏப்ரல் 16-ஆம் தேதியிட்டு மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எட்டு மதத் தலைவர்களுக்கு எழுதிய கடிதத்தில், அநீதியான சட்டம் எது என்று விளக்கும் பகுதி. முதலில் அநீதியான சட்டம் சட்டமே இல்லை என்ற அகுஸ்தீனாரின் கருத்து. அடுத்து அக்குவினாஸ்: நித்திய சட்டத்திலும் இயற்கைச் சட்டத்திலும் வேரூன்றாத மனிதச் சட்டம் அநீதியானது. அதன்பின், ஆளுமையைத் தாழ்த்தும் சட்டம் அநீதி என்று ஒரு படி இறங்குகிறார். கடைசியில், பெரும்பான்மை தன்னைக் கட்டுப்படுத்தாமல் சிறுபான்மையை மட்டும் கட்டுப்படுத்தும் சட்டம் அநீதி. வாக்குரிமை மறுக்கப்பட்டவர்கள்மேல் திணித்த சட்டம் அநீதி. இந்தக் கடைசி இரண்டையும் எந்த நீதிமன்றத்திலும் மதமே தெரியாதவரும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் வேரை அவர் மறைக்கவில்லை.

நீங்களும் அப்படியே செய்யலாம். உங்கள் கருத்தின் விவிலிய அடிப்படையை ஒரு வரியில் எழுதுங்கள். அது எந்த மனித நன்மையைக் காக்கிறது என்று அடுத்த வரி. அந்த நன்மைக்கு அரசியலமைப்பில் என்ன பெயர், எந்தக் கூறு என்று மூன்றாவது. தீண்டாமைக்கு 17, வாழ்வுரிமைக்கு 21 என்பதுபோல. பிறகு முதல் வரியை மூடிவிட்டு மற்ற இரண்டையும் நம்பாத தோழி ஒருவரிடம் காட்டுங்கள். அவர் ஏற்க வேண்டியதில்லை. மறுப்பதற்குக் காரணம் சொல்ல முடிந்தாலே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறது. பெரும்பாலும் கெடுவது எங்கே என்றால், முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு, அதற்கு முகமூடியாக ஒரு புள்ளிவிவரத்தைத் தேடும்போது. எதிரில் இருப்பவர் அதை உடனே கண்டுகொள்வார்.

ஒன்று கவனியுங்கள்: ஹாபர்மாஸ் பேசியது அரசே தேவாலய வரி வசூலித்துக் கொடுக்கும் ஜெர்மனியில். அரசையும் மதத்தையும் பிரித்த பிரான்சின் 1905 சட்டம் வேறு, 1976-ல் 42-ஆம் திருத்தத்தால் நம் அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்ந்த 'மதச்சார்பற்ற' என்ற சொல் வேறு. விவாதத்தில் எந்த மதச்சார்பின்மையைச் சொல்கிறோம் என்று முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

*கேள்வி: இவற்றையெல்லாம் சேர்ந்து படிக்க ஒரு வாசிப்பு வட்டம் தொடங்க நினைக்கிறோம். கிறிஸ்தவர்களும் பகுத்தறிவாளர்களும் இருப்போம். எப்படி நடத்துவது?*
– வாசகர்கள், தஞ்சாவூர்

ஆறு முதல் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு தடவைக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் வாரத்துக்கு அக்குவினாஸின் இறையியல் தொகுப்பில் முதல் பகுதி, 2-ஆம் வினா, 3-ஆம் கூறு: கடவுள் இருக்கிறாரா? அதன் அமைப்பே உங்கள் கூட்டத்துக்கு விதிமுறை ஆகட்டும். முதலில் எதிர்ப்புகளை வைக்கிறார். அளவற்ற நன்மை இருந்தால் தீமைக்கு இடமே இருக்காதே, தீமை இருக்கிறதே என்பது முதல் எதிர்ப்பு. இயற்கையும் மனித அறிவும் விருப்பமும் எல்லாவற்றையும் விளக்கப் போதும், கடவுள் தேவையில்லை என்பது இரண்டாவது. இன்றைய நாத்திகத்தின் இரண்டு தூண்களும் 13-ஆம் நூற்றாண்டுத் துறவியின் ஏட்டில், அவருடைய சொந்தப் பதிலுக்கு முன்னாலேயே, முழு வலுவோடு நிற்கின்றன. பிறகே விவிலியத்தின் விடுதலைப் பயண (யாத்திராகம) நூலிலிருந்து ஒரு வரி, தன் பதில், கடைசியில் ஒவ்வோர் எதிர்ப்புக்கும் தனித்தனி மறுமொழி.

இதே முறையில் வாரம் ஒரு விசுவாசி நாத்திக வாதத்தை எடுத்துச் சொல்லட்டும். ஒரு பகுத்தறிவாளர் விசுவாச வாதத்தைச் சொல்லட்டும். எதிர்த் தரப்பு "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை பதில் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. இதற்கு மட்டுமே முதல் சில வாரங்களில் அரை மணி நேரம் போகும். போகட்டும். போதகரோ குருவானவரோ வந்தால் கடைசியில் பேசச் சொல்லுங்கள். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். நடுவில் காணொளி போட்டுக்காட்டுவதையும் தவிருங்கள், கவனம் வாதத்தைவிட்டு ஆளின்மேல் போய்விடும்.

சொற்களுக்கு ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டத்தில் அதிகம் குழப்பப்போவது 'நம்பிக்கை' என்ற சொல். பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று இருக்கிறது. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". ஒருவர் கையில் இருக்கும் புத்தகத்தில் முதல் சொல்லாக இருப்பது, பக்கத்தில் இருப்பவர் புத்தகத்தில் இரண்டாம் சொல். பகுத்தறிவாளருக்கோ அதே சொல் மூடநம்பிக்கையின் பின்பாதி. ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று பொருளில் சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடுவது நடக்கக்கூடியதே. முதல் கூட்டத்திலேயே அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி, எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்று எல்லாரும் கையெழுத்திட்டுவிடுங்கள்.